பதின்ம வயதினருக்கு வார இறுதி ஓவிய வகுப்பு: முதல் நாள் முதல் கடைசி வாரம் வரை

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சனி அல்லது ஞாயிறில் ஸ்டூடியோ வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் நன்றாக வரையக்கூடியவர்கள்தான். ஆனால் ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு நாள் கிடக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆறு நாளில், வண்ணம் கலக்கும் பேலட்டில் பெயின்ட் காய்ந்துவிடும். வரைய வைத்த பழம் அழுகிவிடும். பாதியில் விட்ட படத்தின்மேல் இருந்த ஆசை வடிந்துவிடும். யாருக்காவது தேர்வு வந்துவிடும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்து அமைத்தது.

1. பொருள் வாங்குவதற்கு முன்: யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம்

ஒரு ஆசிரியருக்கு 10 முதல் 12 பேர் போதும். மூன்று மணி நேர வகுப்பில் உண்மையாக வரையும் நேரம் ஏறத்தாழ 100 நிமிடம்தான். 12 பேரிடமும் தலா நான்கு நிமிடம் என்று இரண்டு சுற்று வந்தாலே 96 நிமிடம் போய்விடும். 15 பேரைச் சேர்த்தால் இரண்டாவது சுற்று நடக்காது. முதல் சுற்றில் சொன்னதை அவர்கள் செய்தார்களா என்று பார்ப்பதே அந்தச் சுற்றில்தான்.

இரண்டு மணி நேர வகுப்பு வேண்டாம். எடுத்து வைக்கவும் கழுவவும் ஆகும் நேரம் குறையவே குறையாது. அதைக் கழித்தால் மிச்சம் இருப்பது சூடு பிடிக்கவே போதாது.

முடிந்தால் 13–15 ஒரு குழு, 16–18 ஒரு குழு என்று பிரியுங்கள். திறமை இதற்குக் காரணமில்லை. 17 வயதுக்காரர் பக்கத்தில் நின்றால் 13 வயதுக்காரர் வாயைத் திறக்கமாட்டார், தாளையும் கையால் மறைத்துக்கொள்வார். பிரிக்க முடியாவிட்டால், முதல் இரண்டு வாரமாவது சிறியவர்களைச் சேர்ந்தாற்போல் உட்கார வையுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்து வைக்காதீர்கள். 12 வாரம் ஒரு சுற்று என்று வையுங்கள். நடுவில் வருபவருக்காக அடிப்படையை மீண்டும் எடுத்தால், முதலிலிருந்து வருபவர்கள் சலித்துப்போய் நின்றுவிடுவார்கள்.

2. இடம்: குழாய், விளக்கு, அலமாரி

அறையின் அழகைப் பார்க்கும் முன் குழாயைப் பாருங்கள். ஒரே ஒரு சிறிய வாஷ்பேசின் இருந்தால் 12 பேர் பிரஷ் கழுவ அரை மணி நேரம் ஆகும். அப்படியானால் மூன்று பெரிய வாளிகளை வரிசையாக வைத்து, முதல் வாளியில் அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர் என்று பழக்குங்கள்.

ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்கு இனியது, பாடத்துக்கு உதவாது. மூன்று மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும், அடுத்த வாரம் மேகம் வந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒற்றை விளக்கை நம்புங்கள். மேலே டியூப் லைட்டுகள் எல்லாம் எரிந்தால் நாலாபக்கமும் மங்கிய நிழல் விழுந்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. வண்ணம் தீட்டும் வாரங்களுக்கு சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். அதற்குக் குறைந்த விளக்கில் கலந்த நிறம், வீட்டுக்குப் போனதும் வேறு நிறமாகத் தெரியும்.

பலகையைத் தாங்கி நிற்கும் ஈசல் (easel) வைக்கும்போது ஆளுக்கு ஒன்றரை மீட்டர் சதுரம் விடுங்கள். பின்னால் நகர்ந்து பார்க்க இடம் இல்லாவிட்டால் யாரும் நகர மாட்டார்கள். படத்தைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வரைந்து முடித்துவிடுவார்கள். வலக்கைக்காரர் ஈசலின் இடது ஓரத்தைத் தாண்டிப் பொருளைப் பார்க்கும்படி நிற்கட்டும், இடக்கைக்காரர் வலது ஓரத்தைத் தாண்டி. இல்லாவிட்டால் வரையும் கையே பொருளை மறைக்கும்.

அலமாரியைப் பெரும்பாலோர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஈரப் படங்களைப் படுக்கையாக வைக்கத் தட்டுகள் வேண்டும், ஆளுக்கொரு பெரிய கோப்புறையும் வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பாதிப் படம் திரும்பி வராது. 12 வாரமும் எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கட்டும்.

3. பெற்றோரிடம் வாங்க வேண்டியவை

முதல் வகுப்புக்கு முன்பே ஒரு படிவம்: அவசரத்துக்கு யாரை அழைப்பது, ஆஸ்துமாவோ தோல் ஒவ்வாமையோ உண்டா, வகுப்பு முடிந்து யார் அழைத்துப் போவார்கள். ஆஸ்துமாவைத் தனியாகக் கேட்கக் காரணம் சார்கோல் எனும் வரைகரியின் தூள். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு முதல் வாரங்களில் தடித்த 6பி பென்சிலோ கிராஃபைட் கட்டியோ கொடுத்துவிடலாம், பாடம் கெடாது.

புகைப்படத்துக்குத் தனி அனுமதி வாங்குங்கள். படைப்பைப் படம் எடுப்பது வேறு, முகத்தோடு எடுத்து இணையத்தில் போடுவது வேறு. பெற்றோர் சம்மதித்தாலும் அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். பிடிக்காத படத்தை ஆசிரியர் ஊருக்கே காட்டிவிட்டார் என்பதற்காக வகுப்பை விட்டவர்கள் உண்டு.

அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். மாணவர்களோடு தனிச் செய்திப் பரிமாற்றம் வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள். உருவம் வரைய ஆள் தேவைப்பட்டால் மாணவர்களே ஆடை அணிந்தபடி மாறி மாறி ஐந்து நிமிடம் நிற்கலாம். நிற்க விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

4. பொருட்கள்: முதலில் ஸ்டூடியோவே வாங்கட்டும்

பட்டியலைக் கையில் கொடுத்து அவரவர் வாங்கி வரச் சொல்வது எளிது. ஆனால் 12 பேரும் 12 விதமான தாளோடு வருவார்கள், நீங்கள் செய்து காட்டியது பாதிப் பேருக்கு வராது. தப்பு தாளில் இருக்கும். பழியைத் தங்கள் கைமேல் போட்டுக்கொள்வார்கள். யாருடைய பெட்டி விலை உயர்ந்தது என்பதும் இந்த வயதில் உடனே கண்ணில் படும். முதல் நான்கு வாரத்துக்காவது எல்லாருக்கும் ஒரே பொருளை ஸ்டூடியோ கொடுக்கட்டும்.

தேவையானவை அதிகமில்லை. மெல்லிய வில்லோ சார்கோல் (வில்லோ மரக் குச்சியைக் கரியாக்கியது), 2பி, 4பி, 6பி பென்சில்கள், பிசையும் ரப்பர், பழைய பருத்தித் துணி, ஏ2 அளவில் நியூஸ்பிரின்ட் (செய்தித்தாள் காகிதம்), 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவிலான கார்ட்ரிட்ஜ் எனும் வரைதாள், பலகை, கிளிப், மாஸ்கிங் டேப். கரித்தூளை அழுத்திச் செய்த கம்ப்ரெஸ்டு சார்கோலைத் தனியே எடுத்து வையுங்கள். அது வில்லோ போலத் துடைத்தால் போகாது. தெரியாமல் கையில் எடுத்த பிள்ளை தாளையே தேய்த்துக் கிழிக்கும். மெக்கானிக்கல் பென்சில் வகுப்புக்குள் வேண்டாம்: அதன் கோடு ஒரே தடிமன், படுக்கையாகச் சாய்த்து ஷேடிங் செய்யவும் முடியாது.

வண்ணத்துக்கு நச்சில்லை என்று குறித்த அக்ரிலிக். பெயின்ட் குழாய்களில் ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற அமெரிக்கத் தரக்குறி இருந்தால், உடல்நலக் கேடு இருக்கிறதா என்று ஆராய்ந்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிட வேண்டிய விதிக்கு அது உட்பட்டது என்று மட்டுமே பொருள். ஏபி (Approved Product) முத்திரை இருந்தால்தான் நச்சற்றது என்று மதிப்பிடப்பட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. தூளாக விற்கும் நிறமிகள் இந்த வகுப்புக்கு வேண்டவே வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும். ஆயில் பெயின்டும் வேண்டாம். மெல்லிய பூச்சே தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயப் பல நாட்கள் ஆகும். அதில் சேரும் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

5. 12 வாரத்தின் வரிசை

1, 2: சார்கோல், வேகமான உருவக் கோடுகள். 3, 4: அளவெடுத்தல். 5, 6: வெளிச்சமும் நிழலும். 7: விட்டதைப் பிடிக்கும் வாரம். 8, 9: வண்ணம். 10, 11: அவரவர் சொந்தப் படைப்பு. 12: தங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்தல்.

எந்தப் பயிற்சியும் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது வாரம் அதே படத்தைக் கையில் கொடுத்தால், சென்ற வாரத்தைவிட இப்போது நன்றாக வரையத் தெரிந்த பிள்ளை பழைய தப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். கிழித்துப் போடத்தான் தோன்றும். ஏழாவது வாரத்தைக் காலியாக விடுவதும் இதனால்தான். வராமல் போன நாட்கள் எல்லாருக்கும் ஒன்றோ இரண்டோ அதற்குள் சேர்ந்திருக்கும்.

சார்கோல் ஏன் பென்சிலுக்கு முன்? பென்சிலைப் பிடித்தால் கண் இமையிலிருந்து தொடங்குவார்கள். சார்கோலில் அது முடியாது. பெரிய வடிவத்தைத்தான் போட முடியும். துணியால் ஒரு துடைப்பு, எல்லாம் போய்விடும் என்பதால் தப்புக்குப் பயமும் இல்லை. ஏ2 தாளில் நின்று வரையும்போது விரலுக்குப் பதில் தோள் அசைகிறது. நேராகப் பென்சிலில் தொடங்கிய குழுவில், நான்காவது வாரத்திலும் தாளின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு வரைந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம்.

எல்லாரும் கேட்கும் இன்னொன்று: அனிமே. "அதையெல்லாம் இங்கே வரையாதே" என்று சொன்னால் அந்தப் பிள்ளையை இழந்தீர்கள். அதே கதாபாத்திரத்தைக் கீழிருந்து விளக்கு அடிப்பதுபோல் வரையச் சொல்லுங்கள். நகலெடுக்க எந்தப் படமும் கிடைக்காது. மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் என்ன நடக்கிறது என்று தானே யோசிக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தின் பாடம் தானாக உள்ளே இறங்கும்.

6. ஸ்டில் லைஃப் மேசையை அமைப்பது

வரைவதற்கான பொருட்களை மேசையில் அடுக்குவதைப் பத்து நிமிட வேலை என்று நினைத்து, பிள்ளைகள் வந்த பிறகு தொடங்காதீர்கள். முந்தைய நாளே முடிக்க வேண்டியது.

பூவும் பழமும் ஒரே வகுப்பில் முடிகிற பயிற்சிக்கு மட்டும். இரண்டு வாரப் பயிற்சிக்கு அட்டைப் பெட்டி, பாட்டில், ஷூ, மடித்த துணி போன்றவை. துணியைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். யாராவது மேசையை இடித்தாலே மடிப்பு மாறிவிடும்.

முதல் அமைப்பில் பொருட்கள் எல்லாம் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கட்டும். சிவப்புக் கிண்ணத்தை வைத்தால், அது அடர்ந்த நிறமா, அல்லது நிழலில் இருக்கிறதா என்று பிரிக்கத் தெரியாமல் குழம்புவார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த பழைய பாட்டில்களைவிட நல்ல பாடப் பொருள் இதற்குக் கிடையாது. கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் எட்டாவது வாரத்துக்கு முன் வரக் கூடாது.

விளக்கைப் பொருட்களுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் 45 டிகிரி அளவில் வையுங்கள். நேர் முன்னிருந்து அடித்தால் நிழலெல்லாம் பின்னால் ஒளிந்து எல்லாம் தட்டையாகிவிடும். லாடம் போல ஈசல்களைச் சுற்றி வைக்கும்போது, ஒரு முனையில் நிற்பவருக்கு வெளிச்சப் பக்கம் மட்டுமே தெரியும், மறு முனையில் நிற்பவருக்கு நிழல் மட்டுமே. ஒவ்வொரு ஈசல் இடத்திலும் நீங்களே நின்று பாருங்கள். ஒன்றும் சுவையாகத் தெரியாத இடத்தில் ஆளை நிறுத்தாதீர்கள்.

பிறகு மாஸ்கிங் டேப். ஒவ்வொரு பொருளின் அடியையும் சுற்றி மேசையில் டேப் குறி. விளக்கின் கால்களுக்கும் ஈசலின் கால்களுக்கும் தரையில் டேப் குறி, பெயரோடு. கூடவே போனில் ஒரு படம். அடுத்த வாரம் வந்து, "என் இடம் இது இல்லையே" என்று ஆரம்பித்தால் அந்த வகுப்பின் முதல் அரை மணி போனது.

7. மூன்று மணி நேரத்தைப் பிரிப்பது

வருகையும் பலகை எடுத்தலும் 10 நிமிடம். வேக வரைதல் 15. செய்து காட்டுதல் 10. வரைதல் 100, நடுவில் 15 நிமிட இடைவேளை. பார்த்துப் பேசுதல் 15. சுத்தம் 15. கூட்டினால் 180.

வேக வரைதல் என்பது 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிட உருவங்கள், நியூஸ்பிரின்டில். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஆறு நாள் வரையாத கை இறுகிப்போயிருக்கும். 30 விநாடியில் யாராலும் அழகாக வரைய முடியாது என்று எல்லாருக்கும் தெரிவதால், அழகாக வர வேண்டும் என்ற பதற்றமும் இல்லை. அந்தத் தாள்களை மதிப்பிடாதீர்கள்.

செய்து காட்டுவதில் புதிய ஆசிரியர்கள் மயங்குவதுண்டு. கை ஓடும், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள், பார்த்தால் 40 நிமிடம் ஓடியிருக்கும். பத்து நிமிடத்துக்கு டைமர் வையுங்கள், பாதியில் நிறுத்துங்கள். முழுப் படத்தைக் காட்டினால் அதையே நகலெடுப்பார்கள்.

இடைவேளை கட்டாயம். எல்லாப் பலகையையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போகட்டும். திரும்பி வரும்போது தூரத்திலிருந்து தங்கள் படம் கண்ணில் படும். நீங்கள் சொல்ல நினைத்ததில் பாதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. திருத்தும்போது

அவர்கள் தாளில் கை வைக்காதீர்கள். ஓரத்தில் ஒரு சிறு தாளை டேப் போட்டு ஒட்டி, அதில் வரைந்து காட்டுங்கள். நீங்கள் போட்ட ஒரு கோடு அந்தப் படத்திலேயே நல்ல கோடாக இருக்கும், அதன் பிறகு அது அவர்களுடைய படமாக இருக்காது.

ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரே ஒரு குறை. அளவு தப்பியிருந்தால் அளவு மட்டும், ஷேடிங்கைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். "கை நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் பாட்டிலின் அகலத்தை அள, உயரத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது?" முழங்கையை மடக்குவதுதான் இங்கே நடக்கும் தப்பு. பென்சில் கண்ணுக்கு அருகில் வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு கிடைக்கும்.

முகம் வரைபவர்களில் பெரும்பாலோர் கண்ணை மிக மேலே வைப்பார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எதிரே இருப்பவரின் தலையைப் பென்சிலால் அளக்கச் சொல்லுங்கள்.

சொந்தப் படத்தின் கோணல் கண்ணுக்குப் பழகிப்போய்விடும். கண்ணாடியில் காட்டுங்கள், உடனே தெரியும். லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்த குறிப்புகளிலும் இந்த யோசனை இருக்கிறது. போனில் படம் எடுத்து இடம் வலமாகத் திருப்பினாலும் போதும். போனை முற்றாகத் தடை செய்யாமல் இப்படி வேலை வாங்குங்கள்.

"சூப்பர்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். பொய்ப் பாராட்டை இந்த வயது நொடியில் கண்டுகொள்ளும். "இந்த மூடிக்குக் கீழே நிழல் சரியான அடர்த்தியில் விழுந்திருக்கிறது" என்பது பாராட்டு. கடைசி 15 நிமிடப் பேச்சிலும் அதே விதி: முதலில் கண்ணால் காண்பதைச் சொல்ல வேண்டும், பிறகு கேள்வி. பிடித்தது, பிடிக்கவில்லை என்பது வேண்டாம்.

9. வண்ணத்துக்கு மாறும்போது

எட்டாவது வாரம் முழுவதும் பர்ன்ட் அம்பர் எனும் அடர்பழுப்பும் வெள்ளையும் மட்டும். நிறத்தையும் டோனையும் (வெளிச்சம், இருளின் அளவு) ஒரே நாளில் சமாளிக்கச் சொன்னால் இரண்டும் கலங்கிவிடும். ஒன்பதாவது வாரம் அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் ஒயிட். கறுப்புக் குழாயைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும், அதை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ இழுக்கவும் முடியும். கறுப்பு கையில் இருந்தால் எல்லா நிழலையும் அதை வைத்தே அழுக்காக்குவார்கள்.

அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்து தெரியும். முன்பு கலந்த நிறத்தோடு பொருத்திப் பார்க்கும்போது, ஒரு சிறு தாளில் பூசிக் காயவிட்டுப் பார்ப்பது நல்லது. வாட்டர் கலரில் நேர்மாறு, காய்ந்தால் வெளிறும். தண்ணீர் அதிகம் படுகிற வேலைக்கு 300 ஜிஎஸ்எம் தாள். 150 ஜிஎஸ்எம் தாள் வளைந்து நெளியும்.

பேலட்டை வாரக்கணக்கில் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஈர ஸ்பாஞ்சும் அதன்மேல் பேக்கிங் தாளும் போட்ட மூடிய டப்பாவில் பெயின்ட் சில நாள் தாங்கும், ஆனால் அடுத்த வகுப்புக்குள் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. பட்டாணி அளவே பிழிந்து, தீர்ந்தால் மறுபடி பிழியப் பழக்குவது இதைவிட நல்லது.

10. சொந்தப் படைப்பும் லினோ கத்தியும்

10, 11 வாரங்களில் சிலர் பெயின்டிங் தொடர்வார்கள், சிலருக்கு லினோகட் (லினோ எனும் லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி அச்சிடுவது) பிடிக்கும். ஒரு வாரம் செதுக்கல், மறு வாரம் அச்சு என்று அது இந்த இடைவெளிக்கு அழகாகப் பொருந்துகிறது.

கத்தி உடம்புக்கு வெளிப்பக்கமாகப் போக வேண்டும், மறு கை எப்போதும் கத்திக்குப் பின்னால். லினோவைப் பிடித்துக்கொள்ள மேசை விளிம்பில் மாட்டும் பென்ச் ஹூக் வையுங்கள். லினோவைக் கொஞ்சம் சூடுபடுத்தினால் மென்மையாகி எளிதில் வெட்டும். மழுங்கிய பிளேடுதான் ஆபத்து; அழுத்தம் கூடி வழுக்கும். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள், எண்ணிக்கை சேரும்வரை யாரும் வெளியே போக வேண்டாம். அச்சில் இடம் வலம் மாறும் என்பதை, எழுத்து செதுக்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

11. சுத்தம் பாடத்தின் பகுதி

15 நிமிடம் இருக்கும்போது மணி அடியுங்கள். பிரஷ்ஷை முதலில் காகிதத்தில் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் விட வேண்டும். பெயின்ட் கட்டியாகக் குழாயில் போனால் அடைக்கும். வாளித் தண்ணீரை அப்படியே தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் குப்பையில் போடுங்கள். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரில் கரையாது, பிரஷ்ஷைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைத்தாலோ முடி வளைந்துவிடும். கழுவிப் படுக்க வையுங்கள்.

சார்கோல் தூளை வாயால் ஊதக் கூடாது, பலகையைச் சாய்த்துக் குப்பைத்தொட்டிமேல் தட்ட வேண்டும். மேசைக்கு ஈரத் துணி. சார்கோல் உதிராமல் பிடித்து வைக்கும் பிக்சேட்டிவ் ஸ்பிரேயை மாணவர்கள் போன பிறகு, வெளியில் வைத்து, நீங்கள் அடியுங்கள்.

ஒவ்வொரு தாளின் பின்னாலும் பெயர், தேதி. முதல் வாரத்திலிருந்தே.

12. கடைசி வாரம்

அன்று புதிதாக எதுவும் வரைய வேண்டாம். ஒவ்வொருவரும் தன் கோப்புறையைத் தரையில் தேதி வரிசைப்படி பரப்பட்டும். அதிலிருந்து ஐந்து படங்களை அவர்களே எடுக்கட்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் நேர்த்தியாக முடிந்தவையாகத்தான் எடுப்பீர்கள். ஒன்றாவது முதல் இரண்டு வாரத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வையுங்கள்.

கலைக் கல்லூரிக்கோ வடிவமைப்புப் படிப்புக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வேக வரைதல் தாள்களையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். முடிந்த படங்களோடு, அங்கே வந்து சேர்ந்த வழியையும் பார்க்க விரும்பும் தேர்வாளர்கள் உண்டு.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று, நிழல் விழாமல் போனில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு கோப்புறைகளைப் பெற்றோர் கையில் கொடுங்கள். வராதவர்களின் கோப்புறைகளுக்கு ஒரு கடைசித் தேதியைச் சொல்லிவிடுங்கள், அடுத்த சுற்றுக்கு அந்த அலமாரி காலியாக வேண்டும்.